கிழித்துப் படித்தவருக்கு ஓட்டு உண்டா?

புத்தகக் கடைக்காரனுக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று கரையான், இன்னொன்று வாசகர் வட்டம். கரையானுக்காவது மருந்து இருக்கிறது. சொந்தக் காசில் வடை வாங்கி வைத்து, விற்காத புத்தகத்தைப் பற்றி அரை நாள் சண்டை கேட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நீங்கள் என் இனம், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படி ஏறி வர வேண்டிய கடை என்னுடையது. என் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாவலைத் திறந்து வைத்தால் போதும். விசிறியே நாலு அத்தியாயம் புரட்டிப் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் மூடியும் வைத்துவிடும். நம்பாதவர்கள் நேரில் வரலாம். வரும்போது ஏதாவது வாங்கவும்.

அட்டை விமர்சகர்

எங்கள் வட்டம் வருடத்துக்கு ஒரு முறை, படித்த பேப்பர்பேக் நாவல்களில் மனசுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஜெயித்த நாவல் ஒரு வருடம் முழுக்க ஷோகேஸில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். கடைக்காரன் என்பதால் எனக்கு ஓட்டு கிடையாது. தேங்கிக் கிடப்பதை எல்லாம் ஜெயிக்க வைத்துவிடுவேனாம்.

சட்டம் போடுவது தேவி டீச்சர். செந்தூல்காரர், தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு வருடம் கிள்ளான் ராஜு ஒரு நாவலைப் பற்றி உருகி உருகிப் பேசினான். டீச்சருக்கே கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்கவே இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவருக்குத்தான் ஓட்டு என்ற சட்டம் அன்றைக்குப் பிறந்தது. ராஜு அசரவில்லை.

"அட்டையே இவ்வளவு அழகா இருக்கு டீச்சர். உள்ள போய் எதுக்குலா அதைக் கெடுத்துக்கணும்?"

பிளேடு இருக்கிறதா?

சிவஞானம் ஐயா ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பரமேஸ்வரி அக்கா. இருவரும் பிறந்து வளர்ந்தது இதே பிரிக்பீல்ட்ஸ்தான். பேச்சு மட்டும் தாத்தா வந்த யாழ்ப்பாணக் கப்பலை விட்டு இன்னும் இறங்கவில்லை. முதல் முறை கடைக்கு வந்தபோது ஒரு நாவலை வாங்கினார்கள். "பிளேடு இருக்கோ?" என்று ஐயா கேட்டார். விலைச் சீட்டைச் சுரண்டத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். மனுஷன் என் கண் முன்னாலேயே நாவலை நடு முதுகில் வைத்து இரண்டாக அறுத்தார். முன் பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டு பின் பாதியை அக்காவிடம் நீட்டினார். பிளேடை வாங்கி முதலில் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஒரே புத்தகத்துக்கு இருவரும் அடித்துக்கொண்டதில் கண்டுபிடித்த ஏற்பாடாம். ஐயா எழுத்தெண்ணிப் படிப்பவர். அக்காவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, முடிவிலிருந்து ஆரம்பித்துவிடுவார். பிறகு பாதிகளை மாற்றிக்கொள்வார்கள். கடைசியில் டேப் போட்டு ஒட்டினால் முழுப் புத்தகம், முழு ஓட்டு. டீச்சர் ரொம்ப யோசித்துத்தான் அனுமதித்தார். கதை குழம்பாதா என்று நான் கேட்டதற்கு அக்கா சிரித்தார்.

"ஆர் செத்தது எண்டு எனக்குத் தெரியும், ஏன் செத்தது எண்டு இவருக்குத் தெரியும். பிறகு வீட்டில என்ன சண்டை?"

வேண்டாம் என்ற பாதி

இந்த வருடம் கடைசிச் சுற்றுக்கு இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்று காஜாங்கில் நடக்கும் கொலைக் கதை. ராஜு உறையைப் பிரித்துப் படித்த முதல் புத்தகம் என்பதால் அவன் கட்சி அது. இன்னொன்றை நாங்கள் 'லோரி நாவல்' என்போம். கிள்ளானில் மீ கடை, அதாவது நூடுல்ஸ் கடை, நடத்தும் ஒரு விதவை. அவளை வட்டிக்காரன் ஒருவன் உருட்டி மிரட்டுகிறான். அவளுக்குத் துணையாக நின்ற லோரிக்காரன் ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஈப்போவுக்குப் போய்விடுகிறான். ஐயாவின் முன் பாதி அங்கே முடிகிறது.

அவர் அந்த இடத்துக்கு வந்த வாரம்தான் நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பைபாஸ் பண்ண வேண்டுமாம். அக்கா தனியாகப் படியேறிக் கடைக்கு வந்தார். வடையைத் தொடவில்லை. பின் பாதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். ஐயா வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, வீட்டுப் பத்திரம் மேசையின் எந்த லாச்சியில் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

"கதையின்ர முடிவு வேண்டாம் எண்டு சொல்ற மனுசனோட நான் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை, அண்ணை."

வட்டிக்காரன் கல்யாணம்

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், பக்கத்தில் அக்கா. "வாரும் ஐசே" என்றார், அவ்வளவுதான். நலம் விசாரித்தால் தலையாட்டல். வட்டத்தைப் பற்றிச் சொன்னால் தலையாட்டல். நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பொய். அதை எடுத்தேன்.

"லோரி நாவல் முடிவைக் கேட்டீங்களா ஐயா? அந்தம்மா கடைசியில வட்டிக்காரனையே கட்டிக்குது. லோரிக்காரன் ஈப்போவுல இருந்து வந்து மாவிலைத் தோரணம் கட்டுறான். பந்தியில பாயாசம் ஊத்துறதும் அவன்தான்."

ஐயா திரும்பிப் படுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். "விசர்க் கதை கதைக்காதையும்! அவள் அப்பிடிப்பட்ட மனிசி இல்லை!" என்று போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அக்காவை நோக்கிக் கையை நீட்டி, "எங்க அந்தப் பாதி? கொண்டா!" என்றார். முடிவை முழுதாகப் படித்த அக்காவுக்கு நான் புளுகியது தெரியாதா? என்னை ஒரு பார்வை பார்த்தார். பின் பாதியைக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"அண்ணை சொன்னது சரியோ பிழையோ, ஆப்பரேஷன் முடிஞ்சு வாங்கோ. அப்பதான் தருவன்."

டீச்சர் மீறிய சட்டம்

ஆப்பரேஷன் அன்றைக்கு வட்டம் முழுவதும் கடையில் கூடிவிட்டது. யாரும் இலக்கியம் பேசவில்லை. ராஜு டீ வாங்குவதும் ஆறவிடுவதுமாக இருந்தான். மத்தியானம் அக்கா போன் பண்ணினார். இன்னும் உள்ளேதான் இருக்கிறாராம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஐயாவின் முன் பாதியை முதல் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாராம். "லோரிக்காரன் ஏன் போனவன் எண்டு இப்பதான் விளங்குது, அண்ணை. அவள் அழுறதைப் பார்க்கப் பயந்துதான் போயிருக்கிறான்" என்றார். போனை அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

சாயங்காலம் நல்ல சேதி வந்தது. ராஜு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதான். மறுவாரம் ஓட்டெடுப்பு நடக்க வேண்டும். டீச்சர் தேதி தவறாதவர். அவரே சுவரிலிருந்த அறிவிப்புத் தாளைக் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நம்மள்ல ஒருத்தர் இன்னும் படிச்சு முடிக்கல. அவர் முடிக்கிற வரைக்கும் இந்த வருஷமும் முடியாது."

அஞ்சடியில் தேர்தல்

ஐயா படியேறக் கூடாது. அதனால் நாற்காலிகளைக் கீழே இறக்கி, கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில், பூக்கடைக்குப் பக்கத்தில் தேர்தல் வைத்தோம். இருமல் வந்தால் அணைத்துப் பிடிக்க ஒரு சின்னத் தலையணையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஐயா வந்து இறங்கினார். இரண்டு பாதியும் ஒட்டியாகிவிட்டது. உட்கார்ந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பின் பாதியில வட்டிக்காரனே இல்லை ஐசே! ஒவ்வொரு பக்கமாத் தேடினன். போனவன் திரும்பி வாறான், ஒரு பிளேட் மீ சாப்பிடுறான், கதை முடிஞ்சுது!"

டீச்சர் ஓட்டுக் கேட்டார். டீச்சரும் அக்காவும் லோரிக்கு. ராஜுவும், சீக்கிரம் முடியட்டும் என்று கை தூக்கிய பூக்கடை அக்காவும் கொலைக்கு. படித்தீர்களா என்று டீச்சர் கேட்க, பூக்கடை அக்காவின் கை கீழே இறங்கிவிட்டது. ஐயாவும் லோரி என்று சொன்னால் கதை முடிந்தது. ஐயா தலையணையை அணைத்துக்கொண்டு யோசித்தார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர ஓட்டு இந்தப் பொய்யன் ஆஸ்பத்திரியில சொன்ன கதைக்கு. அது உண்மையோ எண்டு பார்க்கத்தான் நான் எழும்பி வந்தனான்."

செல்லாது என்று சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை, இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்த லோரி நாவலை ஷோகேஸில் ஏற்ற எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே இந்த வருடம் எங்கள் ஷோகேஸ் காலி, கடையிலேயே எல்லாருக்கும் பிடித்த ஒரே கதையை அச்சடிக்காமல் வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணும் முதல் முட்டாள் நான்.