கேட்டுக்கு வெளியே கத்திரி வெயில்

ஒரு ஆளைப் பழிவாங்க வேண்டும் என்று ஒரு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது. நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்கிறவள் இல்லை. மீன் விற்கும்போதுகூட விலை சொல்வது என் மகள்தான். நான் குனிந்து செதில் உரசிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அவருடைய மோட்டார் சைக்கிளை மகள் எடுத்துக்கொண்டாள். காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் எடுத்து, பின்னால் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டுவோம். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் நான் உட்காருவேன், மடியில் கூடை. திருவொற்றியூர், எர்ணாவூர் என்று தெருத்தெருவாக விற்றுக்கொண்டு எண்ணூர் பக்கம் போவோம். கடைசியில் போவது ஒரு கன்டெய்னர் யார்டு. அந்தக் கேன்டீனுக்கு தினமும் மீன் வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது ஆகிவிடும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது, உங்களுக்கு என்ன வெயில் என்று கேட்பார்கள். கத்திரியில் கடல்காற்று மத்தியானம் தாண்டித்தான் எழும்பும். அதுவரைக்கும் மேற்கேயிருந்து வருகிற காற்றுதான். அடுப்பு வாயில் முகத்தை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. வண்டி வேகமாகப் போனால் சில்லென்று இருக்கும் என்று நினைப்பது வெயிலைப் பார்க்காதவர்களின் நினைப்பு. வேகம் கூடக்கூட உடம்பில் இருக்கிற ஈரத்தை அந்தக் காற்று உறிஞ்சிக்கொண்டு போகும். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டு இஞ்சின் சூட்டை நம் மேல் விடும். கீழே தார் இளகிக் கிடக்கும்.

இதற்கெல்லாம் என் மகளிடம் ஒரு முறை இருந்தது. அவள் அப்பாவுடைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொள்வாள். வெள்ளைத் துண்டை நல்ல தண்ணீரில் நனைத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட். கிளம்பும் முன் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிறுத்துகிற இடத்திலெல்லாம் ரெண்டு வாய் தண்ணீர். டயரில் காற்றை விடியற்காலையிலேயே பார்த்துவிடுவாள், சூடேறிய பிறகு பார்த்தால் சரியாகக் காட்டாது என்பாள். லாரி நிழலில் மட்டும் ஒதுங்க மாட்டாள். லாரி எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்.

அந்த யார்டு கேட்டில் ஒரு சூப்பர்வைசர் இருந்தான். உள்ளே போகிற ஆளின் பேரை நோட்டில் எழுதுவது அவன் வேலை. அவனுக்குத் தகரக் கொட்டகை, ஃபேன், பக்கத்திலேயே குடிதண்ணீர்க் குழாய். கொட்டகை நிழல் முடிகிற இடத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். வெளியாட்கள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

"சார், சீக்கிரம் எழுதிக்கோ சார். மீனு இன்னா ஆவறது வெயில்ல."

"லாரி எல்லாம் போகட்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு."

"நெழல்ல நின்னா உனுக்கு இன்னா கொறஞ்சிபூடும்?"

"நிழல் கம்பெனியோடது."

என் மகள் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். தினமும் இதுதான்.

போன வருஷக் கத்திரியில் ஒரு நாள் எங்கள் கேனில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. வழியில் ஒரு கிழவர் மயங்கி உட்கார்ந்திருந்தார், அவருக்குக் கொடுத்துவிட்டோம். கேட்டில் வழக்கத்தைவிட நீளமான வரிசை. மகள் உதடு வெடித்து நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக அவனிடம் பேசினேன்.

"ஐயா, கொயந்தைக்கி கொஞ்சம் தண்ணி புடிச்சிக்கிறேன்."

அவன் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நாத்தம் புடிச்ச கையால குழாயத் தொடாத. ஆபீஸ் ஆளுங்க குடிக்கிற தண்ணி."

பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. என் காது இரண்டும் எரிந்தன. நான் திரும்பி வந்து ஒரு காரியம் செய்தேன். அதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

மீன்காரர்களுக்கு ஐஸ் பெட்டிதான் ஆஸ்பத்திரி. சுளுக்குக்கு ஐஸ், வீக்கத்துக்கு ஐஸ், ஜுரத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். நான் மகளின் துண்டை அவிழ்த்து, பெட்டியில் உருகிக் கிடந்த தண்ணீரில் முக்கி, உள்ளே ஒரு கை ஐஸை வைத்துச் சுருட்டி, கழுத்தில் இறுக்கிக் கட்டிவிட்டேன். குளிர்ச்சி ஏறுவதற்காக அந்த ஐஸில் கல் உப்புத் தூவியிருக்கும். உப்பு கலந்த ஐஸ் எப்படிக் கடிக்கும் என்று என் கைக்குத் தெரியும். என் கைதான் காய்த்துப்போனது, அவள் கழுத்து அப்படி இல்லை என்று அப்போது தோன்றவில்லை.

"ஜில்லுனு கீதும்மா," என்றாள். அதற்குப் பிறகு தண்ணீரே கேட்கவில்லை. கழுத்து மரத்துப்போனதில் உள்ளே கொதிக்கிறது அவளுக்கே தெரியவில்லை. அவன் பேரை எழுதி உள்ளே விட்டான். மீனைப் போட்டுவிட்டுத் திரும்பினோம். கேட்டைத் தாண்டி நூறு அடி போயிருக்க மாட்டோம், அவள் தலை சாய்ந்தது, வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. நான் கூடையோடு மண்ணில் விழுந்தேன், எனக்கு ஒன்றும் இல்லை. அவள் தாரில் விழுந்தாள். இடது கை வண்டிக்கு அடியில். டிரைவர்கள் ஓடி வந்து தூக்குவதற்குள், சட்டைக் கை கிழிந்து முன்கைத் தோல் தாரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவன் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துகொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா மகளின் கொப்புளித்த கழுத்தைப் பார்த்துவிட்டு, "இத யாரு கட்டினது?" என்று கேட்டார்கள். அவர்களிடமும், வீட்டிலும் தெருவிலும் கேட்டவர்களிடமும் கேட்டுக்காரன் தண்ணீர் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. என் பங்கையும் சேர்த்து அவன் தலையில் வைத்தேன், அவ்வளவுதான். அதனால் என் கோபம் இரண்டு மடங்கு ஆனது.

மகள் கை ஆற மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் நான் என்னென்னவோ யோசித்தேன். அவன் உட்காருகிற நாற்காலி மெத்தையைக் கிழித்து உள்ளே இறால் தோலை வைத்துத் தைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஒரு நாள் கடற்கரை அம்மன் கோயிலுக்குப் போய் அவன் பேரில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருவது என்று கிளம்பினேன். கோயிலில் தெரிந்த பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். வெட்கமாகிவிட்டது. பிடித்த பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி வியாபாரத்துக்குப் போனோம். கேட்டில் அதே கோடு. அவன் அவள் கையைப் பார்க்கக்கூட இல்லை.

இந்த வருஷம் அவன் புதிதாக ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினான். வண்டி கறுப்பு, ஜாக்கெட் கறுப்பு, கையுறை கறுப்பு. ரெக்சின் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு வருவான். "இன்னா சார், லண்டன்ல மழையா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். அவன் பெருமையாகச் சிரிப்பான்.

கத்திரியில் ஒரு மத்தியானம். எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கறுப்பு வண்டி ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. ஸ்டாண்டு போட்டிருக்கிறான், இளகின தாரில் ஸ்டாண்டு இறங்கி வண்டி விழுந்திருக்கிறது. பக்கத்தில் வெயிலில் அவன் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"சரக்கு ஓவராயிடுச்சி போல," என்று ஒரு லாரி டிரைவர் மேலே இருந்து சொன்னார்.

மகள் வண்டியை நிறுத்தினாள். கிட்டப் போய் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"யம்மா, அந்தாளு."

"தெர்து. வண்டிய எடு."

"மூஞ்சி நெருப்பா கீது, ஒரு பொட்டு வேர்வ இல்ல. கேன குடு."

"வண்டிய எடுன்றேன்."

"செத்துபூடுவான்மா."

நான் கேனோடு இறங்கினேன். அவளிடம் கொடுக்கவில்லை. நேராக அவன் எதிரில் போய் நின்று, மூடியைத் திறந்து, அவன் பார்க்கப் பார்க்கக் குடித்தேன். தாகமே இல்லை. நாலு மடக்கு. அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"நான் யாருன்னு தெர்தா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். கண் எங்கேயோ இருந்தது. "பாஸ் எங்க... லாரி பாஸ் எடு," என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. ஒரு வருஷமாக நான் சுமந்து வந்ததை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இப்படியே அவன் போய்விட்டால் யாரிடம் தோற்றோம் என்றுகூடத் தெரியாமல் போய்விடுவான். அவனுக்குப் புத்தி தெளிய வேண்டும். என்னைத் தெரிய வேண்டும். இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வரவில்லை.

மகள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். இரண்டு டிரைவர்கள் அவனைத் தூக்கிப் பாலத்து நிழலில் கிடத்தினார்கள். நான் ஜாக்கெட்டைப் பிரித்தேன், சட்டைப் பித்தான்களைப் பிய்த்தேன். கேன் தண்ணீரை மார்பிலும் அக்குளிலும் தொடையிலும் ஊற்றி, கூடை மூடியால் விசிறினேன். ஐஸ் பெட்டிப் பக்கம் என் கை போகவில்லை. ஒரு டிரைவர் பாட்டிலை அவன் வாயில் வைக்கப் போனார்.

"வாயில ஊத்தாத நைனா," என்று மகள் தடுத்தாள். "நெனப்பு இல்லாதவனுக்கு ஊத்துனா மூச்சுல பூடும்."

ஊற்றி, விசிறி, மறுபடி ஊற்றி. கை கழன்றுவிடும்போல இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவன் கண் அலைவதை விட்டு நின்றது. முதலில் போனைப் பிடித்திருந்த என் மகளின் இடது கையில், அந்தச் சுருங்கின தோலில் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"மீன்காரம்மா," என்றான்.

"ஆமா," என்றேன். "நாத்தம் புடிச்ச கை." அதே கையால் அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை மெதுவாகத் துடைத்துவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. லாரி வரிசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஆம்புலன்ஸ் வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவன் வேலைக்கு வந்தான், இளைத்துப்போய். கோட்டுக்கு உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தான். "உக்காருங்க பெரியம்மா," என்றான். என் மகள் போய் உட்கார்ந்தாள், குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். அவள் புத்திசாலி.

நான் போகவில்லை. கோட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். அன்றைக்கும் நின்றேன், மறுநாளும் நின்றேன். டிரைவர்கள் அவனையே பார்த்தார்கள். அவன் குடை எடுத்துக்கொண்டு வந்தான். நான் ஒரு அடி தள்ளி நின்றேன். குடையும் ஒரு அடி வந்தது. இன்னொரு அடி தள்ளினேன்.

"நான் செஞ்சது தப்புதான் பெரியம்மா. உள்ள வாங்க. நீங்க விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்."

"வுய மாட்டேன்," என்றேன். கஞ்சி குடித்திருக்கிறேன், கழுத்தில் ஈரத்துண்டு இருக்கிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். "நீ போய் பேர எய்து."

"போதும்மா, வா," என்று மகள் மீன் போட்டுவிட்டு வந்து வண்டியை உதைத்தாள். "அந்தாளு மூஞ்சப் பாக்க முடில."

நான் பார்த்துக்கொண்டேதான் ஏறி உட்கார்ந்தேன். விரித்த குடையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் கோட்டுக்கு வெளியே, வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தான்.