மூன்றாவது வேண்டாம்

எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்குத் தலைவியாக வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருசம் சுற்றி வளைக்கப் போய்த்தான் எல்லாம் கெட்டது.

கல்யாணமாகி, கோபி டவுனுக்குப் பக்கத்தில் இந்த வாய்க்கால்கரை ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னை எல்லோரும் ‘டிராக்டர் ஊட்டு அம்மணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் முதலில் டிராக்டர் வாங்கியது எங்கள் வீட்டில். அந்த டிராக்டரைக்கூடக் கம்பெனிப் பெயர் சொல்லிப் பெருமையாகக் கூப்பிட்டார்கள். என்னை டிராக்டரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். அது இந்த ஊரில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஆனால் சங்கத் தலைவியை மட்டும் ஊரே ‘தலைவரம்மா’ என்னும், கட்டின புருசன் உட்பட. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

பழைய தலைவரம்மா மூட்டுவலி தாங்காமல் கோயமுத்தூரில் மகன் வீட்டுக்கே போய்விட்டார். தை மாத ஆண்டு விழாவில் புதுத் தலைவியைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க நான் மாட்டுக்கொட்டகையில் நின்று ஒத்திகை பார்த்தேன். எருமை அசைபோட்டுக்கொண்டே கேட்டது. தலைமை உரைக்கு ஒத்திகை என்று நினைத்தால் தப்பு. ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்வதற்குத்தான் ஒத்திகை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே யாராவது காப்பி கொடுத்தால் உடனே வாங்கிக் குடித்துவிடக் கூடாது. ‘எப்படி அலையறா பாரு’ என்று பேசிப்போடுவார்கள். முதல் தடவை ‘வேண்டாங்க’ என்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை ‘அட, எதுக்குங்க’ என்பது, எதிராளி நம்மைத் தாங்குவதைக் கேட்பதற்கு. மூன்றாவது தடவை கேட்கும்போது ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். சம்மதம் என்று அர்த்தம். காப்பிக்கே இத்தனை என்றால் தலைவர் பதவிக்கு எத்தனை பக்குவம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டகைப் பக்கம் வந்த என் வீட்டுக்காரர் ஒரு நாள் நின்று கேட்டார். “எருமைகிட்ட எதுக்குப் புள்ள வேண்டாம் வேண்டாங்கற? அது உங்கிட்ட என்ன கேட்டுச்சு?” என்றார். நான் சாணிக்கூடையை எடுத்ததும் நடையைக் கட்டிவிட்டார்.

என்னை விட்டால் அந்தப் பதவிக்குத் தோதான ஆள் ஊரில் ஒருத்திதான். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாகம் பிரித்ததில் தென்னந்தோப்பு அவர்கள் பக்கம் போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சு உண்டு, ஆனால் அளவாக. குழாயடிச் சண்டையை அவள் ஒரு பார்வையில் நிறுத்திவிடுவாள். எனக்கு அது வராது, நானும் சேர்ந்து சண்டை போடுவேன். விழாவுக்கு முன்னால் ஒரு நாள் அவள் வாயைக் கிண்டிப் பார்த்தேன். “எனக்கெதுக்கு அம்மணி அந்தத் தொல்ல” என்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. நம்பிவிட்டேன்.

விழாவன்று சங்கக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல். வாடகை நாற்காலிகள். மைக்செட் பொறுப்பு என் வீட்டுக்காரருடையது. கஞ்சி போட்ட சேலை மொடமொடவென்று சத்தம் போட, நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்தால் அலைகிறாள் என்பார்களே. எல்லோரும் அப்படியே நினைத்ததால் முதல் வரிசை முழுக்கக் காலியாகக் கிடந்தது.

யூனியன் ஆபீசிலிருந்து தேர்தலை நடத்த வந்தவர் புது ஊர்நல அலுவலர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனுசிதான். பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

“தலைவர் பதவிக்கு யாரைச் சொல்லுதீங்க?” என்று மைக்கில் கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு புண்ணியவதி, “எங்க டிராக்டர் ஊட்டு அம்மணி இருக்கட்டுங்க” என்றாள். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எழுந்தேன்.

“ஐயோ, எனக்கெதுக்குங்க அதெல்லாம். பெரியவங்க எத்தனையோ பேரு இருக்கறாங்க” என்றேன். எருமையிடம் சொன்னதைவிட நன்றாகவே வந்தது.

“சரிம்மா, உட்காருங்க. அவங்களுக்கு விருப்பமில்ல. அடுத்தது?” என்றார் அலுவலர்.

நான் உட்காரவில்லை. இரண்டாவது ‘வேண்டாம்’ தொண்டையில் தயாராக நின்றது. அதைச் சொல்ல யாராவது மறுபடி கேட்க வேண்டுமே. வாயைத் திறந்தபடி நின்றவளைப் பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அடுத்து என் ஓரகத்தியைச் சொன்னார்கள். அவள் இரண்டு கையையும் கூப்பி, “நமக்கு அந்தளவுக்கு வெவரம் பத்தாதுங்க” என்றாள். “சரி, அடுத்தது?” என்றார் அலுவலர். அதற்குப் பிறகு எழுந்தவர்கள் எல்லோரும் அப்படியே. ஒருத்திக்கு மாடு கறக்க நேரமாகிவிடுமாம். ஒருத்திக்கு மைக்கைக் கண்டால் மயக்கம் வருமாம். நடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருத்திக்குப் பின் ஒருத்தி அதே குழியில் விழுந்தாள். என்ன செய்வது, வாய் பழகிவிட்டது. முதல் தடவையே ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு ஊருக்குள் எப்படி நடமாடுவது?

அலுவலர் எங்களைப் பாவமாகப் பார்த்தார். பெண்கள் தைரியமாக முன்வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் பேசினார். கடைசியில், “யாருக்குமே விருப்பமில்லன்னா கட்டாயப்படுத்த முடியாது. சாப்பாடு முடிஞ்சதும் இந்தச் சங்கத்த அக்கரை ஊர்ச் சங்கத்தோட சேத்துட்டதா எழுதிருதேன்” என்றார்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் அது. எங்கள் சங்கத்து அண்டாவை இரவல் வாங்கிக்கொண்டு போய், நசுக்கித் திருப்பிக் கொடுத்து, ‘வரும்போதே அப்படித்தானுங்க இருந்துது’ என்று மரியாதையாகச் சொன்னவர்கள். அவர்களிடம் போய் இனி நாங்கள் உறுப்பினர்களாக உட்கார வேண்டும். என் பதவி போனது ஒரு பக்கம், இப்போது சங்கமே போகப் போகிறது. ஆனால் வாயைத் திறந்து ‘எனக்கு வேணுங்க’ என்று சொல்ல ஓர் ஆளில்லை. நானும்தான் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த அம்மாவின் மேல்தான். ஒரு மனுசி வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுவதா? இன்னொரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவார்? ஆனால் ஊருக்கு வந்த விருந்தாளியிடம் கோபத்தை எப்படிக் காட்டுவது? பரிமாறித்தான் காட்டினேன்.

பந்தியில் அலுவலருக்கு முதல் இலை. பக்கத்து இலை என் ஓரகத்திக்கு. நான் கரண்டியோடு நின்றேன். அரிசிம்பருப்புச் சாதம் வைத்தேன். “போதும்மா” என்றார். இன்னொரு கரண்டி வைத்தேன். “போதும், போதும்” என்றார். நெய்யை ஊற்றி மேலே இன்னொரு கரண்டி வைத்தேன். கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், தயிர் எல்லாம் அப்படியே. கடைசியில் ஒப்புட்டு, அதாவது போளி, வந்தபோது கையை நீட்டி மறைத்தார். விரலிடுக்கில் இரண்டு ஒப்புட்டு வைத்துவிட்டு வந்தேன். பாவம், சாப்பாட்டை வீணாக்கத் தெரியாத மனுசி. வைத்ததை எல்லாம் வியர்க்க வியர்க்கத் தின்றார். நான் மறுபடியும் ஒப்புட்டுத் தட்டோடு வந்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“ஏம்மா, போதும்னு எத்தன தடவ சொல்லுதேன். நீங்க யாரும் கேக்கவே மாட்டீங்களா?”

என் ஓரகத்திதான் பதில் சொன்னாள். “நீங்க மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுப்போட்டோமுங்க. நெசமாலுமே போதும்னா எலைய மடிச்சிருப்பீங்கல்லங்க. எல தொறந்து கெடந்தா நாங்க போட்டுட்டேதானுங்க இருப்போம்.”

அலுவலர் தன் இலையைப் பார்த்தார். அவசர அவசரமாக மடித்தார். மடித்த இலை மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு பந்தி முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார்.

“அப்போ காலையில நீங்க எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னு சொன்னது?”

எல்லோரும் ரசத்து வாளியைப் பார்த்தோம். அவர் சிரிக்க ஆரம்பித்தார். அத்தனை சாப்பாட்டுக்கு மேல் சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“மைக்கெல்லாம் வேண்டாம், இங்கேயே முடிச்சிருவோம்” என்று என் ஓரகத்தி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. தலைவரா இருக்கீங்களா?”

என் ஓரகத்தி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் இலையை மடித்தாள்.

“இவங்க நெசமாவே வேண்டாங்காங்க” என்றார் அலுவலர், பாடம் படித்துவிட்ட பெருமையோடு. என்னைப் பார்த்து, “நீங்க இன்னும் சாப்பிடலல்ல, உட்காருங்க” என்றார். எதிர்ப்பக்கம் ஓர் இலையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்த ஒப்புட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். “தலைவர் பதவி. போடட்டுமா?”

“வேண்டாங்க” என்றேன். பழக்கதோசம். பந்தி சிரித்தது.

“எல தொறந்திருக்கே. போடட்டுமா?”

இரண்டாவது தடவை கேட்டேவிட்டார். எருமை முன்னால் நின்று பழகிய ‘அட, எதுக்குங்க’ நாக்கு நுனிக்கு வந்தது. அக்கரைக்காரர்கள் நசுக்கிய அண்டா ஞாபகத்துக்கு வந்தது. காலையில் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததும் ஞாபகத்துக்கு வந்தது.

“போடுங்க” என்றேன். என் ஆயுசில் எந்தப் பந்தியிலும் சொல்லாத வார்த்தை. “நெறையவே போடுங்க.”

கைதட்டல் கேட்டு, விசயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தலைவரம்மா மேடைக்கு வரவும்” என்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோசத்தில்தான்.

கூட்டம் கலைந்து பந்தியை ஒதுக்கும்போது என் ஓரகத்தியின் இலையை நான்தான் எடுத்தேன். கனமாக இருந்தது. பிரித்தால் உள்ளே முழு ஒப்புட்டு, கடிபடாமல். அவளுக்கு ஒப்புட்டு என்றால் உயிர். சின்னப் பிள்ளைபோல் கடைசிக்கென்று எடுத்து வைத்துத் தின்பாள். அதோடு சேர்த்து இலையை மடித்திருக்கிறாள்.

அண்டா கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன். “ஏனுங்க்கா, உங்களுக்கும் அந்தப் பதவி மேல ஆச இருந்துதுங்களா?”

“இல்ல அம்மணி.”

“நெசமா சொல்லுங்க்கா.”

“அட, எனக்கெதுக்கு.”

மூன்றாவது தடவையும் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அண்டாவின் நசுங்கிய இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருசம் தலைவரம்மாவாக இருந்தேன், ஆசை தீர இருந்தேன். அடுத்த தை மாதம் அதே பந்தல், அதே அலுவலர். “தலைவர் பதவிக்கு யாரைச் சொல்லுதீங்க?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து என் ஓரகத்தியைச் சொன்னேன். அவள் பதறிப்போய், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எழுந்தாள்.

“அவங்கள மூணு தடவ கேக்க வேண்டாங்க” என்றேன். “போன வருசமே நான் கேட்டுப்போட்டேனுங்க.”