இடது பக்கக் கோடு

எங்கள் தையல் கடையில் தங்கை வெட்டுவாள், நான் தைப்பேன். பதினாறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அவள் கை கச்சிதம். வாய் கத்தரியைவிடக் கூர்மை.

போன வருஷம் அவளுக்கு இடது மார்பை எடுத்தார்கள். நோய் போய்விட்டது என்றார் டாக்டர். ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் நர்ஸ் ஒரு தாள் நீட்டுவாள்: தூக்கம் எப்படி, கை வீக்கம் எப்படி, கண்ணாடி பார்க்கப் பிடிக்கிறதா. எல்லாவற்றுக்கும் 'ஒரு குறையும் இல்லை' என்று டிக் அடித்துவிடுவாள் மகராசி. பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையில்கூட இவ்வளவு வேகமாக எழுதியதில்லை. கடைக்கு வந்ததும் மர ஸ்கேலால் சட்டைக்கு மேலே சொறிவாள்.

"இல்லாத இடத்துல அரிக்குதுக்கா. இதை யாருகிட்ட போய்ச் சொல்றது?"

வேலைக்குத் திரும்பிய வாரமே ஒரு டீச்சர் புதுச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இடது பக்கம் மட்டும் இறுக்கிப் பிடிக்குதும்மா." பிரித்துப் பார்த்தேன். துணியை மடித்து வெட்டுவதால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வரும். மார்புக்கான மடிப்பை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் சாக்பீஸால் வரைய வேண்டும். வலது பக்கக் கோடு சரியாக இருந்தது. இடது பக்கம் இத்தனூண்டு. அடுத்த துணியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். யாருடைய அளவைக் கொடுத்தாலும் அவள் கை தன் உடம்பையே வரைந்துகொண்டிருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மேசையை விட்டுப் போய்விடுவாள், போனால் கட்டிலை விட்டு எழவே மாட்டாள் என்று பயந்தேன். அவள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துக் கோட்டைத் தட்டி அழித்து நானே வரைவேன். ஏழு மாசம் இந்தத் திருட்டு வேலை நடந்தது.

ஒரு மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் திரும்பி வந்தவள், நான் கோட்டை அழிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எத்தனை துணிக்கா?"

"எல்லாம்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடைக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினாள். ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டில் யாரையும் பார்க்க விட்டதில்லை, புருஷனைக்கூட.

"எனக்கு ஒரு சட்டை வெட்டணும். அளவெடு. பொய் சொல்லாம எடு."

தழும்பின் மேல் டேப்பை வைத்தேன். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். அவளே வெட்டி, அவளே வரைந்து, என் பக்கம் தள்ளினாள்.

தைக்க உட்கார்ந்த எனக்கு மிதியில் கால் வரவில்லை. இரண்டு கோடும் ஒரே அளவு. மற்றவர்கள் துணியிலெல்லாம் குறைந்துபோன இடது பக்கம், இதில் மட்டும் பழையபடி முழுசாக இருந்தது. பழக்கதோஷம், அதைத் தட்டி அழிக்கக் கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வீங்கிய கை, சுட்டது.

"முன்னாடி ஒருத்தி இருந்தாளே, இது அவளுக்கு. இதை மட்டும் அழிச்சுடாதேக்கா."