நான்காவது நட்டு

வண்டி வலது பக்கம் இழுத்ததற்கு ஆடிக் காற்றுதான் காரணம் என்று மனதார நம்பினேன். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கும், ஆளைத் தள்ளும், லாரியைத் தள்ளாதா? இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனின் விஞ்ஞானம் இது.

அனுமந்தன்பட்டியில் பன்னீர் திராட்சை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழம் என் மனைவியின் அண்ணனுடையது. அவர் பக்கத்து சீட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, மதுரைக்குப் போறமா, எதுக்க வர்ற பஸ்ஸுக்குள்ள போறமா?”

“மேகாத்து மச்சான். நீங்க சும்மா வாங்க.”

சின்னமனூரை நெருங்கும்போது பைக்கில் வந்த ஒருவர் ஜன்னலோரம் ஒட்டி வந்து கத்தினார். “அண்ணே, வண்டி நண்டு கணக்கா போகுது! முன்னாடி ஒரு திக்கு, பின்னாடி ஒரு திக்கு!”

இறங்கிப் பார்த்தேன். பின்பக்க இடது ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட் ஒடிந்து, சக்கரம் நாலு விரற்கடை பின்னால் போயிருந்தது. மச்சான் என்னையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். பிறகு விரலை எச்சில் பண்ணிக் காற்றில் நீட்டினார். அதுதான் வலித்தது.

மணி பன்னிரண்டு. பன்னீர் திராட்சை வெக்கையில் நின்றால் காம்பை விட்டு உதிரும். உதிர்ந்த பழத்தை மார்க்கெட்டில் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். மச்சானின் அந்த அறுவடை முழுவதும் என் வண்டியில்தான் இருந்தது.

சின்னமனூரிலிருந்து மெக்கானிக் வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சேஸுக்கு அடியில் கட்டைகள் அடுக்கினார். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றினால்தான் மேற்கொண்டு வேலை. மொத்தம் நாலு நட்டு. மூன்று வந்தன. நான்காவது, துருப்பிடித்து போல்ட்டோடு ஒன்றாகவே முளைத்தது போல நின்றது. எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார். அசையவில்லை.

“காஸ் வச்சு அறுத்துரலாமே?” என்றேன்.

“பக்கத்துல பிரேக் ஹோஸ் போகுதுண்ணே. ஸ்பேனர்ல பைப் மாட்டித்தான் இழுக்கணும். ஒரு ஆளு அடியில படுத்து ஸ்பேனரு நழுவாமப் பிடிக்கணும்.”

மச்சானுக்குத் தொப்பை இடித்தது. ஆகவே வீரன் நான்தான்.

படுத்தபிறகுதான் மூக்குக்கு மேலே எத்தனை டன் நிற்கிறது என்று புத்தி கணக்குப் போட்டது. வெளியே இருவரும் பைப்பைப் பிடித்துத் தொங்க, மேலே பெட்டிகள் கிறீச்சிட்டன. குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் என்றேன். இரண்டாவது இழுப்பில் சேவல். மூன்றாவதில் கிடா.

“உள்ள என்னாண்ணே முணுமுணுக்குறீக?”

“நட்டுக்கு வைத்தியம் பாக்குறேன். நீங்க இழுங்க!”

“மாப்ள, முடியலேண்டா வெளிய வந்துரு. பழம் போனாப் போகுது.”

அப்படிச் சொன்னவர் பைப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. வெளியே வர நினைத்த கால்களை மடக்கிக்கொண்டேன். “இன்னொருக்கா இழுங்க மச்சான்.”

‘டமார்!’

“ஆத்தா! போச்சு!” என்று அலறினேன். எந்த வழியாக வெளியே வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. நின்ற இடம் சாலைக்கு அப்பாலிருந்த வாழைத்தோட்டம். ஒரு செருப்பு வண்டிக்கடியில் கிடந்தது. கையில் ஸ்பேனர் மட்டும் பத்திரமாக இருந்தது.

“எங்க மாப்ள போற?” என்று மச்சான் கத்தினார். “வண்டி அங்கனயேதானே நிக்குது!”

கட்டையிலிருந்து வண்டி ஓர் இம்மிகூட நகரவில்லை. போல்ட்தான் ஒடிந்து நட்டோடு கீழே விழுந்திருந்தது. இருந்த போல்ட்டும் போச்சே என்று நான் தலையில் கை வைத்தேன். மெக்கானிக் தன் பையிலிருந்து புது யூ போல்ட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

“கழட்டுன யூ போல்ட்ட திரும்ப மாட்டக் கூடாதுண்ணே. ஒடிஞ்சாலும் ஒண்ணுதான், வந்தாலும் ஒண்ணுதான்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலியே.”

நடு போல்ட்டையும் மாற்றி, சக்கரத்தை நேராக்கி, மூன்றரைக்குப் புறப்பட்டோம். ஆறரைக்கு மதுரை மார்க்கெட்டில் பழத்தை இறக்கினோம். அடி வரிசையில் நாலு பெட்டி உதிர்ந்திருந்தது. மீதி எல்லாம் காம்போடு இருந்தது.