கடற்பலகைக்கு நான் இட்ட தேங்காய் நார்

சுனாமிக்குச் சில ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டுக் கடற்போட்டிக்குத் தேர்வான என் மகள் கயல், நின்றபடி துடுப்பு வலிக்கும் தன் பலகையைக் கப்பலில் முன்கூட்டியே அனுப்ப விரும்பினாள். உடையும் பொருள் எதுவாயினும் தேங்காய் நார் திணித்துக் கட்டுவது எங்கள் தீவு நகரமான போர்ட் பிளேரில் வழக்கம். அவ்வாறே அட்டைப்பெட்டி நிறையத் திணித்தேன்.

சரக்கு முகவர் பெட்டியைத் திறந்ததும் பதறினார். "அரே மாஸ்டர்ஜி, இது என்ன மெயின்லேண்டுக்குப் போற பாக்கு மூட்டையா? நாருல பூச்சி இருக்கும்னு அந்த ஊர் கஸ்டம்ஸ்ல பெட்டியோட எரிச்சிடுவான்!"

காப்பதற்கு இட்டதே கேடாகுமா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"அப்பா, கப்பல் போனதும் நிதானமா யோசிங்க. இப்ப நாரை எடுங்க!" என்றாள் கயல்.

துகளும் எஞ்சாமல் துடைத்து, ஃபோம் எனும் நுரைத்தாள் சுற்றி, கப்பலேற்றினோம். பலகை உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. காய்ந்த நாரில் என்ன பூச்சி என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் இப்போது எதைக் கட்டுமுன்னும், சேரும் நாடு எதை ஏற்காது என்று கேட்டுவிடுகிறேன்.