பதினோராம் கட்டத்துப் புள்ளி

அலுவலகத்தில் முகத்துக்கு நேரே அவரை அக்கா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் கழுகு. அது அவருக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. சென்ற மாதம் அவர் இறந்தபோது, அறிவிப்புப் பலகையில் யாரோ பழக்கதோஷத்தில் கழுகு என்றே எழுதிவிட்டு, பிறகு அழித்து எழுதியிருந்தார்கள்.

படப்பிடிப்பு, எடிட்டிங், நிறத் திருத்தம், கிராஃபிக்ஸ், ஒலிக்கலவை எல்லாம் முடிந்து, தியேட்டருக்குப் போகவேண்டிய கடைசிப் பிரதியாகப் படம் அவரிடம் வந்து சேரும். முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம்வரை பார்த்து, பழுது இருந்தால் எழுதித் தர வேண்டும். இதுதான் வேலை. கேமராவின் சென்சாரில் ஒரு புள்ளி செத்துப்போனால், அந்தக் கேமராவில் எடுத்த காட்சியிலெல்லாம் அது ஒரே இடத்தில் கறுப்பாக நிற்கும். அது டெட் பிக்சல். வானத்து நீலம் சீராக வெளுக்காமல் பட்டை பட்டையாகத் தெரிந்தால் பேண்டிங். உதடு முந்திக் குரல் பிந்தினால் சின்க் போய்விட்டது. வீட்டிலும் இதே பேச்சுதான். கேட்ட கேள்விக்குக் கணவர் கால் மணி நேரம் கழித்துப் பதில் சொன்னால், "உங்கப்பாவுக்கு என்னைக்குடி சின்க் இருந்துச்சு" என்பார் மகளிடம்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. திரையைக் குறுக்கே ஆறு, நெடுக்கே நான்கு என்று மனதுக்குள் இருபத்துநான்கு கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தார். பார்வையை நட்ட நடுவில் ஊன்றுவார், பிறகு அசைக்கமாட்டார். கதையின் பின்னால் போனால் கண் ஓடும், கண் ஓடினால் ஓரம் தப்பும் என்பது அவர் கணக்கு. இருபத்திரண்டு வருடங்களில் இரண்டாயிரம் படங்களுக்கு மேல் பார்த்தவருக்கு ஒரு கதை சொல்லத் தெரியாது. எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும், "அதுவா? மூணாவது ரீல்ல ரெண்டு ஃப்ரேம் கறுப்பு" என்பார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு படத்துக்கு இப்படி எழுதினார்: டெட் பிக்சல். கட்டம் பதினொன்று. நாற்பத்தொன்றாம் நிமிடம், பன்னிரண்டாம் வினாடி முதல்.

மூன்று நாளில் மேலாளர் வந்து நின்றார்.

"மேடம், படக்காரங்க ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தித் தேடிட்டாங்களாம். ஒண்ணும் இல்லைங்கறாங்க."

"தேடினவங்களுக்குக் கண்ணு இருக்கா?"

படம் கிடப்பில் போனது.

அடுத்த வாரம் வேறொரு படம். வேறு கேமரா, வேறு ஊர். நடுவுக்குச் சற்று வலப்புறம், சற்று மேலே, அதே பதினோராம் கட்டத்தில் அதே சாம்பல் புள்ளி. இரண்டு கேமராக்களுக்கு ஒரே இடத்தில் புள்ளி சாகாது. அப்படியானால் பழுது புரொஜெக்டரில் என்று முடிவுசெய்து, ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

ஆபரேட்டர் திரை முழுவதும் வெறும் வெள்ளையைப் போட்டார். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"துவைச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு அக்கா. எங்க புள்ளி?"

"இதோ, பதினொண்ணுல."

லென்ஸைத் துடைத்தார். புள்ளி இருந்தது. இருவரும் பக்கத்துத் திரையிடும் அறைக்குப் போனார்கள். அங்கும் வெள்ளை. அங்கும் புள்ளி.

ஆபரேட்டர் சிரித்துவிட்டார். "புரொஜெக்டரை மாத்தியாச்சு, ரூமை மாத்தியாச்சு. இனி மாத்த வேண்டியது உங்களைத்தான் அக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அந்த வெள்ளையை எடுக்காதீங்க" என்றார்.

பார்வையை நடுவிலிருந்து எடுத்து இடது ஓரத்தில் வைத்தார். புள்ளியும் இடப்பக்கம் போனது. கீழே இறக்கினார், கூடவே இறங்கியது. டெட் பிக்சல் இடம் மாறாது. இருபத்திரண்டு வருடங்கள் கண்ணை அசைக்காமல் பழகியதால், புள்ளியும் அசையாமல் நின்றிருக்கிறது. வலக்கண்ணை மூடினார். திரை சுத்தமாக இருந்தது.

விழித்திரையில் நீர் கசிந்திருப்பதாகக் கண் டாக்டர் சொன்னார். ஊசி போட்டால் மேலும் பரவாமல் தடுக்கலாம். போனது திரும்பும் என்று சொல்ல முடியாது. தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் தன் குறிப்பேட்டை விரித்தார். அந்த இரண்டு மாதத்தில் பழுதில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படங்கள் ஒன்பது.

மகள் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் எஞ்சினியர். எதிரே உட்கார்ந்து, அம்மா சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"ஒரு மாசம் லீவு போடும்மா. ஊசி போட்டுக்கோ. யார்கிட்டயும் எதுவும் சொல்லாத."

"அந்த ஒன்பது படம்?"

"அது போயாச்சு. ஜனங்க பார்த்தாச்சு. யாருக்கும் தெரியாது."

"சொன்னா என்ன ஆகும்?"

"உன்னை அந்த நாற்காலியில உட்கார விடமாட்டாங்க. வேற என்ன ஆகும்? உனக்கு வேற வேலை தெரியுமா?"

"தெரியாது." அவர் குறிப்பேட்டை மூடினார். "உங்க கூடத்துல ஒரு தராசு தப்பா காட்டுதுன்னு கண்டுபிடிச்சா என்னடி பண்ணுவீங்க?"

மகள் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"கேக்கறேன்ல."

"கடைசியா சரியா இருந்தது எந்தத் தேதியோ, அதுக்கப்புறம் நிறுத்ததை எல்லாம் திரும்ப நிறுக்கணும்."

"யாருக்கும் தெரியாதுன்னாலுமா?"

"இது வேறம்மா."

"என்ன வேற?"

மகள் தட்டுகளைக் கழுவப் போனாள்.

மறுநாள் அவர் வழக்கமான படிவத்தையே எடுத்து நிரப்பினார். பழுது: சாம்பல் நிறப் புள்ளி. இடம்: கட்டம் பதினொன்று. காரணம்: பரிசோதகரின் வலக்கண். முடிவு: நிராகரிக்கப்பட்டது. கீழே ஒன்பது படங்களின் பெயர். வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. கிடப்பில் போட்ட படத்தை உடனே விடச்சொல்லி இன்னொரு வரி.

மேலாளர் படித்துவிட்டு, "இதை நான் பார்க்கலைன்னு வச்சுக்கவா மேடம்?" என்றார்.

"பார்த்தீங்கன்னே வச்சுக்குங்க."

அன்று மாலையே அவருடைய நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தார். அவரை ஒலிப் பிரிவில் போட்டார்கள். ஒலித்தடங்களில் இரைச்சலும் வெட்டும் இருக்கிறதா என்று கேட்கும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கழுகு தூங்குகிறது என்று முதல் வாரத்தில் யாரோ சொன்னார்கள்; ஏழாம் வினாடியில் வலது சேனலில் ஒரு 'டிக்' என்று அவர் எழுதிக் கொடுத்ததும் அந்தப் பேச்சு நின்றது.

மறுபரிசோதனை முடியப் பதினைந்து நாள் ஆனது. அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"எட்டு படம் சுத்தம். ஒண்ணுல, கிராஃபிக்ஸ்காரங்க அடையாளத்துக்குச் சுவத்துல ஒட்டுற சின்னக் கூட்டல் குறி. அழிக்காம விட்டிருக்காங்க."

"எந்தக் கட்டம்?" என்றாள் மகள்.

"எதுக்குக் கேக்கற?"

மகள் அவர் தோளிலிருந்த பையை வாங்கி வைத்தாள்.

"முப்பத்தொரு ஃப்ரேம். ஒரு செகண்டுக்கு மேல."

"ரொம்பத் தெரியுதா?"

"இன்னைக்குப் போட்டுக் காட்டினாங்க. நடுவுல பார்த்துட்டிருந்தேன்" என்றார் அவர். "எனக்குத் தெரியல."