நாங்கள் அச்சடித்த கனடா கோஷ்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் ஃபேக்ஸைப் படித்து முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கனடாவிலேயே அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு ராக் இசைக்குழு வளர்ந்து மறைந்த கதையை அந்த ஃபேக்ஸ்களில்தான் படித்தேன்.

முதல் ஆர்டர் கறுப்பு டீ-சர்ட். நெஞ்சில் நான்கு ஆண்களின் முகம். நால்வருக்கும் தோள்வரை முடி. செக்கிங்கில் பீஸ் பார்க்கும் குன்னத்தூர் அக்கா ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இந்தப் பசங்க ஊட்டுல சீப்பே கிடையாதா?" என்று கேட்டார்.

ஆர்டர் கொடுத்த கனடா பையர் அந்தக் குழுவின் பாட்டுக் கேசட் ஒன்றும் அனுப்பியிருந்தார். முதலாளி மரியாதைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். நிட்டிங் மிஷின் இரைச்சலிலேயே வாழ்ந்தவர். தனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை என்றார்.

இரண்டாவது ஆர்டரில், டிரம்ஸ் வாசிப்பவர் விலகிவிட்டார், அவர் முகத்தை எடுத்துவிடவும் என்று வந்தது. இருந்ததில் அவன்தான் அடக்கமான பையனாகத் தெரிந்தான் என்று அக்காவுக்கு வருத்தம். மூன்றாவது ஆர்டருக்குள் இன்னொருவரும் போய்விட்டார். மீதி இருவரையும் நெருக்கி நிறுத்தி அச்சடித்தோம்.

"இவங்களாச்சும் சண்டை போடாம இருக்கோணும்" என்றார் அக்கா.

இருக்கவில்லை. பெட்டி கட்டி முடித்த வாரமே, குழு கலைந்துவிட்டது, சரக்கு வேண்டாம் என்று ஃபேக்ஸ் வந்தது. முதலாளிக்குப் படித்துச் சொன்னேன். அவர், "ரெண்டே பேருக்குள்ள என்னம்மா ஒத்துப்போகாது?" என்று மட்டும் கேட்டார். அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கிய கம்பெனியில் அப்போது அவர் ஒருவர்தான் மிச்சம்.

அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு சட்டை கிடைத்தது. எல்லாம் கனடா சைஸ், முழங்காலைத் தொட்டன. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று எங்கே போனாலும் அந்த இருவரும் எதிரே வந்தார்கள். அக்கா சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

அடுத்த ஆண்டு பையர் மன்னிப்புக் கேட்க நேரில் வந்தார். ஷிப்ட் முடிந்து கேட்டில் கறுப்புச் சட்டைகள் கும்பலாக வெளியே வந்ததைப் பார்த்ததும் ஆள்களை எண்ணத் தொடங்கிவிட்டார். அந்தக் குழுவின் எந்தக் கச்சேரிக்கும் இத்தனை பேர் வந்ததில்லை என்றார். எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து, சட்டையில் மிஞ்சிய இருவரில் ஒருவரான பாடகரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாராம். பையர் காட்டிய படத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் எழுத உட்கார்ந்தேன். முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.